பவுனம்மாள் ஆபீசுக்குச் செடி வைத்த கதை

கிள்ளானில் இன்று எந்த ஆபீசுக்குள் நுழைந்தாலும் மூலையில் ஒரு செடி நிற்கிறது. வக்கீல் ஆபீசில் நிற்கிறது, கப்பல் ஏஜெண்டு ஆபீசில் நிற்கிறது, செட்டியார்கள் வட்டித் தொழில் நடத்துகிற கிட்டங்கியில்கூட நிற்கிறது. அத்தனையும் என் அக்கா பவுனம்மாள் தொடங்கி வைத்தது. தங்கச்சி சொன்னால் வீட்டுப் பெருமை என்பீர்கள். சொல்லிவிட்டுப் போங்கள். இந்தத் தங்கமணிக்குப் பெருமையை அடக்கிக்கொண்டு உட்காரத் தெரியாது.

அக்காவின் புருஷன் ரயில்வேயில் பாயிண்ட்ஸ்மேனாக இருந்தார். காய்ச்சலில் போய்விட்டார். அப்போது அவளுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. குவார்ட்டர்சைக் காலி செய்துகொண்டு பண்டமாரானில் எங்கள் வீட்டுக்கு வந்தாள். மாட்டு வண்டியில் அவள் துணிமணி ஒரு மூட்டை, மிச்சமெல்லாம் செடி. மண்ணெண்ணெய்த் தகரம், பால் டின், ரப்பர் பால் பிடிக்கிற கோப்பை என்று கையில் கிடைத்ததில் எல்லாம் எதையாவது நட்டு வைத்திருந்தாள். அதையெல்லாம் பாசார்ச் சந்தையில் விற்றுப் பிழைத்தாள்.

கம்பம் என்கிற மலாய்க் கிராமங்களிலிருந்து வரும் பெண்கள் அவளிடம் ஆசையாக வாங்கிப் போவார்கள். நம் ஆட்கள்தான் மோசம். காலையில் கடை திறக்கிற நேரத்தில் வெள்ளைச் சேலையும் வெறும் நெற்றியுமாக அவள் எதிரே வந்தால், மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விடுவார்கள். அதற்காகவே வெயில் ஏறின பிறகுதான் அவள் பெரிய தெருவுக்குள் கால் வைப்பாள்.

லோரி வைத்து ரப்பர் ஏற்றிக்கொண்டிருந்த தியாகராஜன் அந்த வருஷம் புது ஆபீஸ் கட்டினார். துரைமார் ஆபீசில் தொட்டிச் செடிகளைப் பார்த்துவிட்டு அவருக்கும் அந்த ஆசை வந்துவிட்டது. அக்காவைக் கூப்பிட்டு அனுப்பினார். அவருடைய பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா, கார்த்திகேசு வாசலிலேயே மூக்கைச் சுளித்தார்.

"நல்ல காரியம் தொடங்கற இடம் ஐயா. வேற ஆளா கிடைக்கல?"

"நீ சும்மா இருலா. செடிதானே வைக்கப் போறாங்க" என்றார் தியாகராஜன்.

அக்கா காதில் விழாத மாதிரி உள்ளே போனாள். மூலை மூலையாக நின்று பார்த்தாள். இருட்டு மாடிப்படிக்கு மருள் செடி போதும், அது எங்கே விட்டாலும் பிழைத்துக்கொள்ளும் என்றாள். ஜன்னல் ஓரத்துக்குக் குரோட்டன்ஸ், வெயில் பட்டால்தான் நிறம் எடுக்கும். பெரணி காற்றாடிக்கு அடியில் வேண்டாம், காய்ந்துவிடும், வந்தவர் உட்காரும் நாற்காலிக்குப் பக்கத்தில் வைக்கலாம் என்றாள். கிராணி மேசையைப் பார்த்து, "இங்க சின்னதா ஒண்ணு. பெரிசா வச்சா இவரு மூஞ்சி தெரியாது" என்றவள், கொஞ்சம் யோசித்து, "பெரிசாவே வச்சிடலாமா?" என்றாள். தியாகராஜன் விழுந்து விழுந்து சிரித்தார். கார்த்திகேசு சிரிக்கவில்லை.

தகர டின்னெல்லாம் ஆகாது, எல்லாம் ஒரே மாதிரி, பார்க்க லட்சணமாக இருக்க வேண்டும் என்று தியாகராஜன் சொல்லியிருந்தார். அக்கா மண்பானை செய்கிற அய்யாவுவிடம் போய், வயிறு உருண்ட, வாய் கொஞ்சம் அகன்ற புதுக் குடங்களாக வாங்கி வந்தாள். தண்ணீர் தேங்கினால் வேர் அழுகிவிடும் என்று ஆணியை வைத்துத் தட்டி, ஒவ்வொன்றின் அடிப்பக்கத்திலும் ஒரு ஓட்டை போட்டாள். இந்த வேலை சரியாக அமைந்தால் ஊரில் ஒவ்வொரு ஆபீசுக்குள்ளும் போய்விடுவேன் என்று சொல்லிக்கொண்டே தட்டினாள். அவள் அப்படிப் பேசி நான் வெகுநாளாகக் கேட்டதில்லை.

திறப்பு விழா தைப்பூசம் முடிந்த வாரத்தில் வந்தது. மாணிக்கம் செட்டியார்தான் முதலில் உள்ளே வருவதாக ஏற்பாடு. அவர் கைராசிக்காரர் என்று ஊரெல்லாம் பேச்சு. அவர் வருவதற்குள் செடிகளை வைத்துவிட வேண்டும் என்று வண்டிக்காரக் கன்னையாவை அவசரப்படுத்தினோம். செடி வாடக் கூடாதென்று அக்கா வண்டியிலேயே தண்ணீரைத் தாராளமாக ஊற்றியிருந்தாள்.

கன்னையா பத்துமலை முருகன் கோயிலில் மொட்டை போட்டுவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தார். வெள்ளை வேட்டி, வெற்று மார்பு. செடி நட்ட குடத்தைத் தூக்கி இடது தோளில் வைத்துக்கொண்டார். ஓட்டை வழியாகத் தண்ணீர் சொட்டச் சொட்ட, எங்கே இறக்குவது என்று தெரியாமல் நடுவில் கிடந்த மேசையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். சரியாக அந்த நேரத்தில் செட்டியார் வாசற்படியில் கால் வைத்தார்.

மொட்டைத் தலை. தோளில் புதுக் குடம். குடத்தில் ஓட்டை. சொட்டுகிற தண்ணீர். சுடுகாட்டில் கொள்ளி வைப்பவன் பிணத்தைச் சுற்றி வருகிற கோலம் அப்படியே ஆபீஸ் நடுவில் வந்து நின்றது. செட்டியார் "சிவ சிவா" என்று சொல்லி, வந்த வழியே ரிக்‌ஷாவில் ஏறிப் போய்விட்டார். குமாஸ்தாக்கள் "சுடுகாட்டுல ஓட்டைக் குடம் சுமக்கிற மாதிரியே இருக்கு" என்று முணுமுணுத்தபடி சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள். கன்னையாவாவது யோசித்திருக்கலாம். அவர் தன் மாட்டைத் தவிர வேறெதைப் பற்றியும் யோசிக்கிறவர் இல்லை.

கார்த்திகேசுவுக்கு வாய் திறந்துகொண்டது. "நான் அப்பவே சொன்னேன்ல ஐயா! தாலியறுத்த மூஞ்சியை உள்ள விட்டா வேற என்ன நடக்கும்?"

எனக்கு அவர் கன்னத்தில் ஒன்று வைக்க வேண்டும் போல இருந்தது. அக்கா என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"ஏங்க, பொம்பளைங்களைச் சுடுகாட்டுப் பக்கம் விடறீங்களா?" என்று கேட்டாள். "என் புருஷனை எடுத்துக்கிட்டுப் போனப்பவும் என்னை வாசலோட நிறுத்திட்டாங்க. அங்க குடத்துல ஓட்டை போடுவாங்கன்னு எனக்கு யாரு சொன்னா? சரி, ஓட்டை போட்டது நான். தப்பு என்னுது. குடத்தை மாத்திடறேன். மூஞ்சியை மாத்த முடியாது. குடத்தைத் திட்டுங்க, கேட்டுக்கறேன். மூஞ்சியைப் பத்திப் பேசாதீங்க."

தியாகராஜன்தான் மெதுவாக, "சீக்கிரம் மாத்துங்கம்மா. அடுத்த நல்ல நேரத்துக்குச் செட்டியாரை நான் கூட்டியாறேன்" என்றார்.

அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எதிரே இருந்த சீனர் கடைக்கு ஓடினாள். "தவுக்கே, தெம்பாயான் அடா?" என்று, சாடி இருக்கிறதா என்பதை முதலாளியிடம் மலாயில் கேட்டாள். உப்புமுட்டை வருகிற பழுப்பு நிறச் சாடிகள், பளபளவென்று மேலே டிராகன் போட்டவை, அவர் கடைப் பின்பக்கத்தில் காலியாகக் கிடந்தன. நானும் அவளும் உருட்டி வந்தோம். ஓட்டைக்குப் பதிலாக அடியில் கரித்துண்டுகளைக் கொட்டி, செடிகளை மாற்றி நட்டு, கழுவித் துடைத்து, அவள் குறித்த இடங்களில் வைத்தோம். ஓட்டைக் குடங்களைக் கன்னையா வண்டியோடு கண்மறைவாகக் கொண்டுபோனார். சொன்னால் நம்ப வேண்டும், அந்த ஆபீஸ் துரை ஆபீசைவிட நன்றாக இருந்தது. எங்களைப் பின்கட்டுக்குப் போகச் சொன்னார்கள். போனோம்.

செட்டியார் தலை முழுகிவிட்டு வந்தார். பெரணிக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். எழுந்திருக்க மனம் வராமல் இலையைத் தடவிக்கொண்டே இருந்தவர், யார் வைத்தது என்று கேட்டார். அக்காவை முன்னால் அழைத்தார்கள். செட்டியாருக்குக் கொஞ்சம் சங்கடம். ஆனாலும் ஆசை விடவில்லை.

"ஏம்மா, நம்ம கிட்டங்கிக்கும் இதே மாதிரி வச்சுத் தரணும். விடியக்காலையில வேணாம். கொஞ்சம் நேரம் கழிச்சுப் பின்பக்கமா வந்திரு."

வந்த வாய்ப்பைப் பிடித்துக்கொள்ளடி என்று நான் மனதுக்குள் கும்பிட்டுக்கொண்டிருந்தேன். அக்கா தலையை ஆட்டவில்லை.

"வெயிலுக்கு முந்தித் தண்ணி ஊத்தினாத்தான் செடி நிக்கும் செட்டியாரே. விடியக்காலையில வருவேன். முன்வாசல் வழியாத்தான் வருவேன். ஒத்து வரலன்னா வேற ஆளைப் பார்த்துக்குங்க."

செட்டியார் பெரணியைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், மறுபடி பெரணியைப் பார்த்தார்.

"சரி, வா" என்றார்.

மறுநாள் தெரு முழுக்க இருட்டாக இருக்கும்போதே, செடி நட்ட சின்னச் சாடி ஒன்றோடு கிட்டங்கி முன்வாசலில் போய் நின்றோம். அக்கா அந்த நேரத்தில் பெரிய தெருவில் நின்று வருஷக்கணக்காகிறது. நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். உள்ளே தாழ்ப்பாள் நகர்ந்தது. ஆள் அனுப்பாமல் செட்டியாரே கதவைத் திறந்தார். அன்றைக்கு அவர் விழித்த முதல் முகம் என் அக்காவின் முகம். அவர் திருப்பிக்கொள்ளவில்லை.

அக்கா சாடியை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு சொன்னாள்: "விடிஞ்சிருச்சு செட்டியாரே. கொஞ்சம் நகருங்க, உள்ள வரணும்."