மூன்று துணியும் என் நாத்தனாரும்

என் மகளுக்கு டேராடூனில் வேலை கிடைத்தது. சிங்கப்பெருமாள் கோயிலில் பிறந்து, மார்கழியிலும் ஃபேனை நிறுத்தாமல் தூங்குகிற பெண். அங்கே குளிரில் என்ன ஆவாளோ என்று அவளுடைய பழைய பாவாடை, சுடிதார், யூனிஃபார்ம் எல்லாவற்றையும் சதுரம் சதுரமாக வெட்டி, ஐந்து மாத ஞாயிற்றுக்கிழமைகளைத் தொலைத்து, ஒரு குயில்ட் போர்வைக்கு மேல்துணி தைத்து முடித்தேன். அதைப் பஞ்சு விரிப்போடும் அடித்துணியோடும் சேர்த்துத் தைப்பது என் வீட்டுத் தையல் மெஷினால் ஆகாத காரியம். அதற்கென்றே இரண்டு கட்டில் நீளத்துக்கு மெஷின் போட்டிருக்கும் ஒரு பெண்மணி நெம்மேலிப் பக்கம் இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போன் செய்தேன்.

"வெள்ளிக்கிழமை மட்டும்தான் மெஷின் காலி. மேல்துணிய நல்லா அயர்ன் பண்ணுங்க. தொங்குற நூலெல்லாம் வெட்டுங்க. அடித்துணி நாலு பக்கமும் நாலு இஞ்ச் பெருசா இருக்கணும். முக்கியமா, மூணையும் தனித்தனியா கொண்டாங்க. ஒரு குண்டூசிகூட குத்தக்கூடாது."

மகளுக்கு ஞாயிறு ரயில். வெள்ளிக்கிழமையை விட்டால் போர்வை இல்லாமல்தான் போவாள்.

இரண்டு நாள் அயர்ன் செய்தேன். நூல் வெட்ட வெட்ட வந்துகொண்டே இருந்தது. வியாழக்கிழமை காலை மூன்றையும் மடித்து மேசை மேல் அடுக்கிவிட்டு ஆபீசுக்குப் போனேன். அங்கேதான் தப்புச் செய்தேன். வீட்டில் என் நாத்தனார் இருந்தார்.

என் கணவரின் அக்கா அவர். ஆறு வருடமாக எங்களோடு இருக்கிறார். மூன்று என்ற எண்ணே அவருக்கு ஆகாது. தட்டில் மூன்று தோசை விழுந்தால் நாலாவதாக ஒரு துண்டாவது பிய்த்துப் போடுவார். நல்ல காரியத்துக்கு மூன்று பேர் கிளம்பினால் நாலாவது ஆளாக ஒருவர் பைக்குள் சத்தமில்லாமல் ஒரு கல்லைப் போட்டுவிடுவார். நான் பாதி நாள் கல் சுமந்துதான் பஸ் ஏறியிருக்கிறேன்.

சாயங்காலம் வந்தபோது எல்லாம் ஒரே மூட்டையாகப் பழைய பெட்ஷீட்டில் கட்டித் தயாராக இருந்தது. "என்னா ஒரு பொறுப்பு" என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டேன். பிரித்துப் பார்க்கவில்லை.

மறுநாள் அவரும் கூட வந்தார். செங்கல்பட்டில் பஸ் மாறி, மாமல்லபுரத்தில் இன்னொரு பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தோம். மெஷின்காரம்மா மூட்டையை அவிழ்த்து உதறினார். மூன்று துணியும் ஒன்றாக எழுந்து வந்தன. நாலு ஓரமும், குறுக்கேயும் நெடுக்கேயும், இரட்டை நூலில், சாணுக்கு ஒரு முடிச்சோடு தைத்திருந்தது.

"மூணா எடுத்துகினு போவச் சொல்றியே, வெளங்குமா? அதான் ஒண்ணாக்கிட்டேன்" என்றார் நாத்தனார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. மெஷின்காரம்மா மரியாதை தெரிந்தவர். "நல்லா உறுதியாத்தான் தெச்சிருக்கீங்க" என்றார். மேல்துணி ஒரு உருளையிலும் அடித்துணி இன்னொன்றிலும் சுற்ற வேண்டும், அதனால் எல்லாவற்றையும் பிரித்தே ஆக வேண்டும் என்றும் சொன்னார். மதியத்துக்குள் ஏற்றினால்தான் அன்றைக்கு முடியுமாம்.

தரையில் உட்கார்ந்து பிரித்தோம், மூன்று பேராக. அதையும் எண்ணிவிடப் போகிறாரே என்று பயந்துகொண்டே பிரித்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு, "அப்படி என்னக்கா பண்ணிடும் இந்த மூணு?" என்று கேட்டேன்.

முடிச்சிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார். "அவருக்கு நெஞ்சு வலின்னு நானு, உன் வூட்டுக்காரன், அவரு, மூணு பேருதான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். ரெண்டு பேருதான் திரும்பி வந்தோம்."

அவர் கணவர் இறந்த கதை எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரிக்கு எத்தனை பேர் போனார்கள் என்று நான் கேட்டதே இல்லை. வெட்கமாக இருந்தது.

மெஷின்காரம்மாதான் பேசினார். "நூல உட்டுட்டீங்களேக்கா. மேல்துணி, பஞ்சு, அடித்துணி, நூலு. நாலுதானே ஏறுது?" நாத்தனார் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். "அப்போ சரி" என்று கத்தரியை வேகமாக ஓட்டினார். ஒரு மணிக்கு மெஷின் ஓட ஆரம்பித்தது. சனிக்கிழமை நான் ஓரம் மடித்துத் தைத்து முடித்தேன்.

ஞாயிறு காலை வாசலில் ஆட்டோ நின்றது. மகள் போர்வைப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். என் கணவர் ஏறினார். நாத்தனார், ஸ்டேஷனில் அழுதுவிடுவேன், வரமாட்டேன் என்று முன்பே சொல்லியிருந்தார். நான் ஒரு காலை உள்ளே வைத்தேன். எங்களை எண்ணினேன். டிரைவரைச் சேர்த்தால் நாலு என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். மனம் ஒப்பவில்லை. நிஜமாகவே பயமாக இருந்தது.

"அக்கா, நீங்களும் வாங்க!" என்று வீட்டைப் பார்த்துக் கத்தினேன்.

நாத்தனார் செருப்பு மாட்டிக்கொண்டு, பூட்டும் சாவியுமாகக் கதவோரம் நின்றிருந்தார்.

"கூப்பிட இவ்ளோ நேரமாடி உனக்கு?" என்றார்.