கதாநாயகிக்குச் சவர்க்காரம் என்று பேர்

எங்கள் வட்டவளைத் தேயிலைத் தோட்டத்தில் மழைக்குக் காலநேரம் கிடையாது. மழை வந்தால் அட்டையும் வரும், காலில் ஏறும், ரத்தம் குடிக்கும். அம்மா கொழுந்து பறிக்கிற மலையை வைத்து நான் ஒரு சாகசப் படக்கதை வரைந்தபோது, நாயகிக்கும் கதைக்கும் ‘அட்டைக்காரி’ என்று பேர் வைத்தேன். அதில் எனக்கு ஏகப்பட்ட பெருமை. சாகசக் கதைகளின் தலைப்புகளைப் பள்ளிக்கூட நாளிலிருந்தே அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பார்க்கிறவள் நான். அந்த நாயகர்கள் பூச்சி புழுவின் பேரை வைத்துக்கொண்டே உலகத்தைக் காப்பாற்றுகிறார்கள். எங்கள் மலைக்கு அட்டையை விட்டால் வேறு யார்? சத்தமில்லாமல் ஏறும், பிடித்தால் விடாது. உழைப்பை உறிஞ்சுகிறவர்களை இவள் திருப்பி உறிஞ்சுவாள். ஒரே பேரில் இரண்டு அர்த்தம். ஹட்டனில் புத்தகம் போட ஒத்துக்கொண்ட பதிப்பாளரும் தலைப்பைப் பாராட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

நாயகிக்கு அம்மாவின் முகத்தைத்தான் வரைந்திருந்தேன். அதனால் அச்சுக்குப் போகுமுன் முகப்புப் படத்தைக் காட்டினேன். பேரைப் படித்துவிட்டு, புத்தக வெளியீட்டுக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

அம்மா வராத மேடையில் நான் என்னத்தைப் பேசுவது? கோபத்தில், பயமுறுத்துகிற பிராணியின் பேரை வைத்தால்தான் எதிரி நடுங்குவான், அதுதான் இந்தக் கதைகளின் சூட்சுமம் என்று வகுப்பெடுத்தேன். அம்மா வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். குளிக்கிற சவர்க்காரக் கட்டியை முழங்கால் வரை தேய்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் தோட்டத்துப் பெண்கள் எல்லோரும் அப்படித் தேய்த்துக்கொண்டுதான் மலைக்குப் போவார்கள். தேய்த்த காலில் அட்டை ஏறாது. தேய்த்தபடியே அம்மா என்னைக் கேட்டாள்.

“அட்டைக்கு நாங்க எங்க பயந்தோம்? பிச்சுப் போட்டுட்டு அடுத்த நெரைக்குப் போயிக்கிட்டே இருக்கோம். ரத்தம் குடிக்கிறதோட பேர, ரத்தம் குடுத்தவளுக்கு வைக்கிறியே, ஞாயமா?”

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அன்றைக்கே அட்டையை வில்லனாக்கி, நாயகிக்குச் ‘சவர்க்காரம்’ என்று பேர் மாற்றினேன். பதிப்பாளர் தலையில் கை வைத்துக்கொண்டார். வீராங்கனைக்குக் குளிக்கிற சாமானின் பேரா, யார் வாங்குவார்கள் என்றார். நான் பிடிவாதக்காரி. பாதிக் கதையைத் திரும்ப வரைந்து கொடுத்தேன். சலித்துக்கொண்டே அச்சடித்தார்.

வெளியீட்டன்று மண்டபத்தின் பின்வரிசைகள் முழுக்க எங்கள் தோட்டத்துப் பெண்கள். நடுவில் அம்மா. பதிப்பாளர் மேடையில் தலைப்பை வாசித்ததும் முன்வரிசைப் பெரிய மனிதர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பின்னால் ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். அவ்வளவுதான், அத்தனை பேரும் சிரித்து, கைதட்டி, எழுந்தே நின்றுவிட்டார்கள். அவர்கள் யாருக்கும் நான் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பதிப்பாளர்தான் என்ன விஷயம் என்று என் காதில் கேட்டார்.

கைதட்டல் அடங்கியதும் அவர் ஒலிவாங்கியைப் பிடித்து, இந்த நாயகி யார் என்பது கடைசிப் பக்கம் வரை ரகசியம் என்று ஆரம்பித்தார். சாகசக் கதைகளில் அதுதானே முறை. அம்மா நாற்காலிகளை விலக்கிக்கொண்டு நேராக மேடைக்கு வந்தாள். ஒலிவாங்கியைக் கேட்டு வாங்கினாள்.

“ரகசியமெல்லாம் ஒண்ணுமில்லைங்க. அது நான்தான்.”