காது தைத்த கதை

மலாயாவில் கரங்கான் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றின் ஆஸ்பத்திரியில் நான் டிரெஸ்ஸராக, டாக்டருக்கு உதவியாளாக இருந்தேன். டாக்டர் பதினைந்து நாளைக்கொருமுறை காரில் வந்து போவார். மற்ற நாட்களில் காய்ச்சலுக்கும் பிரசவத்துக்கும் உளி வெட்டிய விரலுக்கும் நான்தான்.

ஓர் ஐப்பசிக் காலையில், மரம் சீவி முடித்த கையோடு ஓர் அக்காள் வந்தார். தலையில் போட்டிருந்த முந்தானையைத் தயங்கித் தயங்கி விலக்கினார். காதுமடல்கள் இரண்டும் கீழே பிளந்து, வால்போலத் தொங்கின. ஒன்றை, ஊரில் போட்ட பாம்படத்தின் கனம் அறுத்ததாம். மற்றதை, இடுப்பிலிருந்த பிள்ளை இழுத்து அறுத்ததாம்.

“தையில மவளுக்குக் கல்யாணம்யா. தோடு போட்டுக்கிட்டு நிக்கணும். கிழிஞ்ச ரவிக்கையத் தைக்கிறோமே, காதைத் தைக்க முடியாதா?”

யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை. டாக்டர் வந்ததும் சொன்னேன். விளிம்பை நறுக்கிவிட்டுத் தைத்தால் ஒட்டும் என்றவர், மெல்லிய ஊசியையும் பட்டு நூலையும் கொடுத்து, “நீயே செய்” என்று கிளம்பிவிட்டார். மூன்று நாள் வாழைப்பழத் தோலைத் தைத்துப் பழகினேன். “நோயாளி பொழைச்சுக்குமா?” என்று என் மனைவி சிரித்தாள்.

மரத்துப்போக ஊசி போட்டுக் கத்தரியை எடுத்ததும் அக்காள் பதறினார்.

“கிழிஞ்சதையே மறுபடி வெட்டுறீங்களே!”

“பச்சைப் புண்ணுதாங்க்கா ஒட்டும்.”

உடனே சமாதானமாகி, குருண் பக்கத்து மாப்பிள்ளையின் பெருமையைப் பேசத் தொடங்கினார். மாப்பிள்ளை ‘கள்ளுக்கடைப் பக்கமே போகாதவர்’ என்ற இடத்தில் முதல் தையலைப் போட்டேன்.

ஏழாம் நாள் தையலைப் பிரித்து, என் சவரக் கண்ணாடியைக் கொடுத்தேன். அக்காள் மடல்களைக் கிள்ளிப் பார்த்தார். பிறகு அவர் சிரித்த சிரிப்பில், மலேரியாவில் சுருண்டு கிடந்தவர்கள்கூட எழுந்து உட்கார்ந்தார்கள். தை பிறந்ததும் தழும்புக்குச் சற்றுத் தள்ளிக் காது குத்திவிட்டேன்.

கல்யாணப் பந்தல் வாசலில் சிவப்புக்கல் தோடு மின்ன அவரே நின்று பன்னீர் தெளித்தார். இடக்காதைப் பார்த்தவர்களை வலக்காதையும் பார்க்க வைத்துத்தான் உள்ளே விட்டார்.

மறுவாரம் ஆஸ்பத்திரி பெஞ்சில் காது பிளந்த ஆறு பெண்கள். “எனக்குத்தான் முதல்ல, எங்க வீட்டு விசேஷம் மாசியில!” என்று ஒருவர் கத்த, “நான் விடியலிலேயே வந்துட்டேன்லா!” என்று இன்னொருவர் மறித்தார். சண்டை ஓயட்டும் என்று அனைவருக்கும் என் மனைவியைக் கோப்பி போடச் சொல்லிவிட்டு, நூலைக் கோத்தேன்.