முத்துராணியும் பென்டிரைவும்

ஸ்டுடியோவில் பதிந்ததுதான் பாட்டு, கோயில் கொடையில் பதிந்ததெல்லாம் வெறும் இரைச்சல் என்று யாராவது என் காதுபடச் சொன்னால் அவரோடு எனக்குச் சண்டைதான். முக்கூடலில் மைக்செட் கடை வைத்திருக்கிறேன். ஆற்றோரத்து ஊர்களில் கொடை என்று சாமிக்குத் திருவிழா எடுத்தால் பந்தல்காரருக்கு அடுத்தபடி நான்தான் போய் இறங்குவேன். வில்லுப்பாட்டு தொடங்கியதும் மிக்சரிலிருந்து ஒரு ஒயரை இழுத்து அப்படியே பதிந்துவிடுவேன். அதில் எல்லாம் இருக்கும். வேட்டு வெடிக்கும், பிள்ளை அழும், குலவை கேட்கும். பாட்டு உச்சத்துக்கு ஏறும்போது யாரோ மைக்கைப் பிடுங்கி, பாதையை மறித்து நிற்கிற சிவப்பு வண்டியை எடுக்கச் சொல்லுவார். அதையெல்லாம் வெட்டிவிட்டு யூடியூபில் போட்டால் என்ன என்று கேட்கிறார்கள். வெட்ட மாட்டேன். அந்தச் சிவப்பு வண்டிக்காரரை முத்துராணி பாட்டிலேயே வைத்துக் கிண்டலடித்தது அதற்குப் பிறகுதானே வருகிறது.

முத்துராணி கல்லிடைக்குறிச்சியில் பிறந்தவள். வில்லுப்பாட்டுக் குடும்பம் கிடையாது. அப்பளக் கொட்டகையில் உருட்டு வேலைக்குப் போனவள். கொட்டகையில் ஒரு டேப்ரெக்கார்டர் உண்டு. முதலாளி திருச்செந்தூருக்குப் போனபோது வாங்கி வந்த கேசட் அதில் ஓடிக்கொண்டே இருக்கும். அந்தக் கடலோரத்து ஊர் ஒன்றில் நடந்த சுடலைமாடன் கொடையின் பதிவு அது. அப்பளக் குழவியை உருட்டிக்கொண்டே முழுக் கதையையும் மனப்பாடம் செய்துவிட்டாள். யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை. கல்யாணமாகி முக்கூடலுக்கு வந்த பிறகு, ஒரு வில்லுப்பாட்டுக் குழுவில் பின்பாட்டுக்கு ஆள் இல்லையென்று கூப்பிட்டார்கள். புருசன் லோடு ஆட்டோ ஓட்டுகிறவன். போயிட்டு வா என்றான். மாமியார் ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. இவளும் பேசவில்லை.

வில்லுக்கு நடுவே உட்கார்ந்து தலைமையாக அவள் முதன்முதலில் பாடியது முக்கூடலுக்குக் கிழக்கே ஆற்றை ஒட்டிய ஒரு ஊரில். பேர் வேண்டாம், இன்னும் அங்கே எனக்குத் தொழில் இருக்கிறது. அன்றைக்கு ஒரு கூத்து நடந்தது. கேசட்டில் இருந்ததைக் கேசட்டில் இருந்தபடியே படித்தவள் இல்லையா, கடலோரம் குடியிருக்கும் மாடனே என்று தொடங்கி, அலையையும் தோணியையும் வலையையும் வரிசையாகப் புகழ்ந்துகொண்டு போனாள். எதிரே நிற்கிற மாடனைச் சுற்றி வயலும் வாழையும்தான். ஜனம் சிரிக்க ஆரம்பித்துவிட்டது. முன்வரிசையிலிருந்து ஒருவர், ஏட்டி, இங்கன எங்க கிடக்கு கடலு என்று கத்தினார். வேறொருத்தி என்றால் எழுந்து ஓடியிருப்பாள். முத்துராணி வீசுகோலை வில்லில் ஓங்கி ஒரு தட்டு தட்டினாள். தாமிரபரணி எங்கே போய்ச் சேருது, கடலில்தானே, அப்போ ஆத்தங்கரையில இருந்தாலும் மாடன் கடலுக்கும் காவல்தானே என்று அந்த மெட்டிலேயே பாடினாள். குடம் அடித்துக்கொண்டிருந்த பாக்கியசீலன் பெரிதாக ஒரு ‘ஆமா’ போட்டான். சிரித்த கூட்டம் கைதட்டியது. அந்தப் பாட்டு அந்த ஊரில் நிலைத்துவிட்டது. கடல் வராவிட்டால் கேட்கிறார்கள்.

அதிலிருந்து வருசந்தோறும் அந்த ஊர்க் கொடைக்கு அவள்தான். பாக்கியசீலன் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிற வேதக்காரன். வெள்ளிக்கிழமை கொடையில் முத்துராணியின் பக்கத்தில் உட்கார்ந்து, பானையின் வாயில் பாளை மட்டையால் அடிப்பான். அவன் போடுகிற ‘ஆமா’ இல்லாமல் அவளால் அடுத்த அடிக்குப் போக முடியாது. அவன் ‘ஆமா’வை இழுத்தால் கதையை நீட்டுவாள், வெட்டிப் போட்டால் சுருக்குவாள்.

போன வருசக் கொடையில்தான் வினை வந்தது. கொடைக் கமிட்டித் தலைவர் செந்தூர்பாண்டி கோயில் வாசலில் சிமெண்டு வளைவு ஒன்று கட்டியிருந்தார். அதில் சாமியின் பேர் சின்னதாகவும் அவருடைய பேர் பெரியதாகவும் இருந்தது. ஊரே பார்த்தது, யாரும் வாய் திறக்கவில்லை. முத்துராணி மட்டும் கதைக்கு நடுவில் பாடிவிட்டாள்.

வாசலிலே ஒரு வளைவு கட்டி வச்சிருக்காக – ஆமா
வளைவுக்குள்ள மாடன் பேரைத் தேடிப் பாக்காக – ஆமா
கண்ணாடி போட்டாலும் காணக் கிடைக்கல – ஆமா
கட்டினவர் பேரு மட்டும் கண்ணைப் பறிக்குதே – ஆமா

பந்தலே குலுங்கிச் சிரித்தது. செந்தூர்பாண்டியும் சிரித்தார். ஆனால் மறுநாள் என்னிடம் வந்து, அந்த நாலு வரியை எடுத்துவிட்டுப் போடும் என்றார். நான் எடுக்கவில்லை. அந்த வருசம் என் சேனலில் அதிகம் பேர் கேட்டது அதைத்தான்.

அதைக் கேட்டுத்தான் பாளையங்கோட்டையிலிருந்து டார்லின் என்ற பெண் தேடி வந்தாள். சின்னதாக ஒரு ஒலிப்பதிவுக் கூடம் வைத்திருக்கிறாள். மாடன் கதையை நல்ல தெளிவாகப் பதிந்து வெளியிடலாம் என்றாள். நான் குறுக்கே விழுந்து தடுத்தேன். முத்துராணி என்னை ஒரு பார்வை பார்த்து, “உம்ம சண்டைய உம்மகிட்டயே வச்சிக்கிடும். இத்தன வருசமா உம்ம மைக்செட் குழாய் போடுத கூச்சலோடதான் என் சத்தத்தக் கேட்டிருக்கேன். ஒருக்கா அது இல்லாமக் கேக்கணும்னு எனக்கு இருக்காதா?” என்றாள். அவளோடு நானும் போனேன்.

டார்லின்மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. நல்ல காதுள்ள பெண். ஆனால் அவள் தொழில் முறை வேறு. குடம் ஒருநாள், உடுக்கு ஒருநாள், குரல் ஒருநாள். முத்துராணியைக் கண்ணாடி அறைக்குள் தனியாக நிறுத்தி, காதில் டிக் டிக் என்று தாளம் போடுகிற கருவியை மாட்டிவிட்டாள். முதல் அடியைப் பாடிவிட்டு முத்துராணி நின்றுவிட்டாள். யார் எனக்கு ஆமா போடுவா என்று கேட்டாள். அதைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம் அக்கா, நீங்க இடம் விட்டுப் பாடுங்க என்றாள் டார்லின். அப்படியே பாடினாள். சாமியை இறக்குகிற வரத்துப் பாட்டையும் சொன்ன நேரத்துக்குள் முடித்தாள். வெளிவந்தபோது பதிவு ரொம்பச் சுத்தமாக இருந்தது. பஸ்ஸில் காதில் மாட்டிக் கேட்க அருமையாக இருந்தது என்று எனக்கே தோன்றியது. என் எரிச்சலே அதுதான். முத்துராணி முழுவதும் கேட்டுவிட்டு, குரல் நல்லாத்தான் இருக்கு, ஆனா யாருக்குப் பாடுதேன்னு தெரியாமப் பாடியிருக்கேன் என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டாள்.

இந்த வைகாசிக் கொடைக்குச் செந்தூர்பாண்டி என் கடைக்கு வந்து ஒரு பென்டிரைவை மேசையில் வைத்தார். வில்லுக்கு இந்தத் தடவை ஆள் கூப்பிடவில்லை, இதைப் போட்டால் போதும் என்றார். முத்துராணியின் ஸ்டுடியோப் பாட்டு. நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

“அவ குரலத்தானவே போடுதோம்? அதே பாட்டு, அதே மாடன். இது எதுத்துப் பேசாது, அவ்வளவுதான்” என்றார்.

அவர் போன கையோடு முத்துராணிக்குப் போன் போட்டுச் சொன்னேன். எந்தக் கிழமை கொடை என்று கேட்டாள். அவள் அழுதிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். விசயம் ஒரு ஊரோடு நிற்காது என்பது இரண்டு பேருக்கும் தெரியும். இங்கே பென்டிரைவில் கொடை நடந்துவிட்டால் ஆற்றோரம் நெடுக எல்லாக் கமிட்டியும் அதையே செய்யும். அவள் குரலே அவளையும் பாக்கியசீலனையும் மற்றவர்களையும் வீட்டில் உட்கார வைத்துவிடும். கடைசியில், “என் பாட்ட நானே போயிக் கேக்கேன். மாடன் எனக்கும் பொதுதான?” என்று சொல்லி வைத்துவிட்டாள்.

கொடையன்று மத்தியானம் சொன்னபடியே வந்தாள். பெண்கள் பக்கம் பந்தல் காலை ஒட்டி உட்கார்ந்தாள். பாக்கியசீலனும் வந்திருந்தான், வெறுங்கையோடு. வில் வைக்கிற மேடையில் ஒரு நாற்காலி போட்டு அதன்மேல் என் ஸ்பீக்கர் பாக்ஸை வைத்திருந்தார்கள். கூலிக்கு வந்தவன், பென்டிரைவைச் சொருகினேன்.

பாட்டு கணீரென்று ஓடியது. ஜனம் அது பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தது. கடல் வரும் இடத்தில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. வரத்துப் பாட்டு வந்தது. சாமியாடி பரமசிவன் குளித்து, கச்சை கட்டி, நெற்றி நிறையத் திருநீறோடு மாடனின் பூடத்துக்கு முன்னால் நின்றார். மேளக்காரர்கள் உருட்டினார்கள். பெண்கள் குலவையிட்டார்கள். பரமசிவனின் தோள் லேசாகத் துடித்தது. எல்லோரும் அவரையே பார்த்தோம். அதற்குள் பாட்டு வரத்தை முடித்துக்கொண்டு மங்களத்துக்குப் போய்விட்டது. பரமசிவன் நின்ற இடத்திலேயே நின்றார்.

செந்தூர்பாண்டி எனக்குக் கை காட்டினார். திருப்பிப் போட்டேன். அதே இடத்தில் தோள் துடித்தது, அதே இடத்தில் பாட்டு மங்களத்துக்குப் போனது. இன்னொரு தடவையும் போட்டேன். சத்தத்தைக் கூட்டு என்றார்கள், கூட்டினேன். பந்தலில் குசுகுசுப்பு எழுந்தது. சாமி கோபமாக இருக்கிறது என்று ஒரு பக்கமும், குத்தம் நடந்துவிட்டது என்று ஒரு பக்கமும் பேச்சு. பரமசிவன் வியர்த்துப் போய் என் பக்கம் வந்தார். மனுசன் அழுகிற நிலையில் இருந்தார்.

“அவ என்னையப் பாக்காமப் பாடுதா வே” என்றார்.

அவ்வளவுதான் விசயம். முத்துராணி வரத்துப் பாடும்போது பரமசிவனின் முகத்தையும் காலையும் பார்த்துக்கொண்டே இருப்பாள். கால் பெருவிரல் மண்ணைக் கீறினால் வேகத்தைக் கூட்டுவாள். கண் சொருகினால் ஒரே அடியைத் திரும்பத் திரும்பப் போடுவாள். சாமி வருகிற வரைக்கும் வரத்து முடியாது. பென்டிரைவுக்குப் பரமசிவனைத் தெரியுமா?

செந்தூர்பாண்டி ஒரு பையனை முத்துராணியிடம் அனுப்பினார். அவள் எழுந்திருக்கவில்லை. அவரே வந்து கூப்பிடட்டும், மைக்கில் கூப்பிடட்டும் என்று சொல்லி அனுப்பினாள். இன்னும் நேரம் போனால் உச்சிப் பூசை தப்பிப்போகும். செந்தூர்பாண்டி என்னிடமிருந்து மைக்கை வாங்கினார்.

“முத்துராணி, வந்து பாடும்மா” என்றார்.

“அத நிப்பாட்டச் சொல்லுங்க அண்ணாச்சி” என்றாள் அவள், உட்கார்ந்த இடத்திலிருந்தே.

நான் யார் சொல்வதற்கும் காத்திருக்கவில்லை. பென்டிரைவில் மங்களம் பாடிக்கொண்டிருந்த முத்துராணியைப் பாதியில் நிறுத்தினேன். அந்தச் சந்தோசத்தை இதற்கு முன் நான் அனுபவித்ததில்லை. பழக்கதோசத்தில் பதிகிற பொத்தானையும் அமுக்கினேன்.

வில் இல்லை, உடுக்கு இல்லை. பாக்கியசீலன் தண்ணீர் வைத்திருந்த பச்சைப் பிளாஸ்டிக் குடத்தைக் கவிழ்த்துக் காலி செய்தான். பக்கத்தில் ஒரு அம்மாவிடமிருந்து பனையோலை விசிறியை வாங்கி மடித்தான். குடத்தின் வாயில் ஓங்கி ஒன்று போட்டான். முத்துராணி மேடைக்கு ஏறவில்லை. பரமசிவனுக்கு நேர் எதிரே மண்ணில் உட்கார்ந்தாள்.

பொட்டிக்குள்ள பாடினாக்கா பூடம் கேக்குமா – ஆமா
மாடனுக்கு முகம் பாராப் பாட்டு ஏறுமா – ஆமா
வளைவு கட்டி வாசல் வச்ச மகராசரே – ஆமா
வாயாடிய விட்டாத்தான் மாடன் வருவேங்காரே – ஆமா

‘ஆமா’ போட்டது பாக்கியசீலன் மட்டுமல்ல, பந்தல் மொத்தமும். நானும் போட்டேன், பதிவில் என் கட்டைக் குரல் தனியாகக் கேட்கிறது. அவள் கண்ணை எடுக்காமல் பரமசிவனைப் பார்த்துப் பாடினாள். கடலில் தொடங்கி ஆற்றுக்கு வந்து, ஒரே அடியில் சுற்றிச் சுற்றி நின்றாள். ஸ்டுடியோவில் முடித்த இடத்தைத் தாண்டி எவ்வளவோ நேரம் போயிற்று. அவள் தொண்டை கட்டிக் கிழிந்தது. இரண்டு இடத்தில் சுதி விலகியது. அவள் விடவில்லை. பரமசிவனின் பெருவிரல் மண்ணைக் கீறியது. சாமி வந்து அவர் போட்ட சத்தத்தில் என் மிக்சரில் சத்தத்தை அளக்கிற முள் சிவப்பில் போய் ஒட்டிக்கொண்டது.

ஆடி முடித்து எல்லோருக்கும் திருநீறு கொடுத்த மாடன், செந்தூர்பாண்டிக்கும் கொடுத்தார். அவர் தலை குனிந்து வாங்கிக்கொண்டார்.

பதிவை அன்றைக்கே யூடியூபில் போட்டேன். டார்லின் கேட்டுவிட்டுப் போன் செய்தாள். இந்தப் பிளாஸ்டிக் குடத்தின் சத்தத்தை என் கூடத்தில் எப்படிக் கொண்டுவருவது என்று தெரியவில்லை அண்ணாச்சி என்று சிரித்தாள். அதற்கடுத்த வாரம் ஆற்றுக்கு அக்கரையிலிருந்து ஒரு கமிட்டிக்காரர் கேட்டார், கொடைக்குப் பென்டிரைவ் போதுமாமே என்று. இதைக் கேட்டுவிட்டுப் பேசும் என்று அனுப்பினேன். பொழுது சாய்வதற்குள் முத்துராணியின் நம்பர் கேட்டுத் திரும்பக் கூப்பிட்டார்.

செந்தூர்பாண்டியும் வந்தார். வளைவைப் பற்றிய வரி இருந்துவிட்டுப் போகட்டும், தான் மைக்கில் கூப்பிட்டதை மட்டும் வெட்டிவிடும்படி கேட்டார். பாவமாகத்தான் இருந்தது. அவர் எதிரிலேயே முத்துராணிக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்துக் கேட்டேன்.

“அவுக கூப்பிட்டதாலதான நான் பாடினேன்?” என்றாள். “அத எடுத்துட்டா நானா வந்து நுழைஞ்ச மாதிரில்லா ஆயிரும். கிடக்கட்டும் அண்ணாச்சி. அடுத்த வருசமும் அப்படித்தான் கூப்பிடணும்னு அவுகளுக்கு ஞாபகம் இருக்கும்.”