மஞ்சள் துணி கட்டிய ஏழு பயிர்

போன புதன்கிழமை புது நெல்லில் பொங்கிய புதிர்ப் பொங்கலை இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டேன். இன்னும் செமிக்கவில்லை. பொங்கலில் ஒரு பிழையும் இல்லை...

என் அண்ணன் மகள் தெற்கே ஒரு பல்கலைக்கழகத்தில் நெல் ஆராய்ச்சி செய்கிறாள். மாரியில் கடிதம் போட்டிருந்தாள். 'சித்தப்பா, சில நெல்லு பூஞ்சணத்தைக் கொல்லுற சின்னப் புரதங்களைத் தானே செய்யுது. எந்தப் பரம்பரை அலகு அதைச் செய்விக்குது எண்டு தேடுறன். நோய் விழுந்த வயலிலை தப்பி நிக்கிற பயிர் இருந்தால், முத்தினாப்போலை விதை எடுத்து அனுப்புங்கோ.'

நோய் விழுந்த வயலுக்கா இங்கே பஞ்சம்? மல்லாவியில் என் அயலவர் கந்தையா அண்ணையின் வயல் முழுவதும் எரிபந்தம் என்கிற பூஞ்சண நோய். நெருப்பு வைத்ததுபோல் இலை கருகி, கதிரெல்லாம் மணி பிடிக்காத சப்பி. மருந்து அடிக்கலாம்தான் — இந்தச் சண்டைக் காலத்தில் அது வவுனியாத் தடையைத் தாண்டி வந்தால்!

அதற்குள் ஏழே ஏழு பயிர் பச்சைப் பசேலென்று நின்றன. கடிதத்தைப் பற்றிச் சொன்னதும் அண்ணைக்குக் கண் கலங்கிவிட்டது.

"தம்பி, பிள்ளை உதைக் கண்டுபிடிச்சால் மருந்தில்லாமலே விதைக்கலாமே!"

அடையாளம் வைக்கவேண்டும். யாரும் கை வைக்கவும் கூடாது. என் மூளை இருக்கிறதே... மஞ்சள் துணியைக் கிழித்து ஏழிலும் கட்டினேன். கோயிலுக்கு நேர்ந்ததில் எவர் கை வைப்பார்?

கதிர் முற்றியது. வவுனியா போகப் பாஸ் கிடைத்த வாத்தியார் ஒருவர் விதையைக் கொண்டுபோகச் சம்மதித்தார். புதன்கிழமை வெட்டப் போனால், வழியிலேயே அண்ணையின் மனைவி மறித்துப் பொங்கல் தந்தார். சாப்பிட்டுவிட்டு வயலுக்குப் போனேன். தாள்தான் நின்றது. ஓடி வந்தேன்.

"ஐயோ அக்கா, ஆர் வெட்டினது?"

"நான்தான். வயல் முழுக்கச் சப்பி. புதிருக்கு வேறை எங்கை போறது? நீங்களும் அம்மனுக்கெண்டு நேர்ந்து கட்டியிருந்தீங்கள்."

"அது விதைக்கு அக்கா!"

"விதைக்கெண்டால் ஏன் மஞ்சள் துணி கட்டினனீங்கள்?"

திண்ணையிலிருந்த அண்ணை என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அக்காவுக்கு மற்றவர் சொல்லியிருப்பார் என்று இருவருமே இருந்திருக்கிறோம்! எரிச்சலில் போய் உமியைக் கிளறினேன். அக்காவின் உலக்கை ஒரு மணியையும் தப்பவிடவில்லை.

"அப்ப வாற மாரிக்கும் உந்த எரிபந்தத்தோடைதான்..." என்றார் அண்ணை, மெதுவாக. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

பிள்ளைக்கு இன்னும் பதில் எழுதவில்லை. என்னத்தை எழுத? பூஞ்சணத்தை விரட்டத் தெரிந்த நெல்லுக்கு, பனங்கட்டியையும் தேங்காய்ப்பாலையும் விரட்டத் தெரியவில்லை.

எனக்கும்தான்!