நான் வராத சனிக்கிழமை

தொண்ணூறுகளின் நடுவில், பாளையங்கோட்டைக் கல்லூரி ஒன்றின் கணினி மையம் என் பொறுப்பில் இருந்தது. மாணவர்களின் கோப்புகளும் மென்பொருள்களும் ஒரு பெரிய கணினியில் இருந்தன. சுற்றியிருந்த சிறிய கணினிகள் வலைவழியாக அவற்றை இணைத்துக்கொண்டால்தான் வேலை தொடங்கும். மின்சாரம் போய் வந்தால் சிறியவை பெரியதை முந்தி விழித்துக்கொள்ளும். அது கிடைக்காமல் இணைப்பைக் கைவிட்டுவிடும். பிறகு நிர்வாகியின் கடவுச்சொல்லோடு நான் நுழைந்து, ஒவ்வொன்றாக இணைக்க வேண்டும்.

இதனால் அதிகம் இழந்தவள், மாஞ்சோலை எஸ்டேட் பள்ளியில் பாடம் நடத்திக்கொண்டே பகுதிநேரமாகப் படித்த ஒரு பெண். சனிக்கிழமை மட்டுமே வருவாள். பிற்பகல் பேருந்தில் மலைக்குத் திரும்பியாக வேண்டும். செயல்திட்டத்தை அந்த ஆண்டுக்குள் முடிக்காவிட்டால் பட்டம் இல்லை. ஒரு சனிக்கிழமை நான் தாமதமாகச் சென்றபோது, பையை மடியில் வைத்துக்கொண்டு திரையின் முன் சும்மா உட்கார்ந்திருந்தாள்.

"கரண்டு அப்பவே வந்துட்டு அக்கா. நீங்கதான் வரல."

"ஊருக்கெல்லாம் ஈபிக்காரன் கரண்டு குடுக்கான். இங்கன மட்டும் மேடம்தான் குடுக்கணும்," என்று சிரித்தார் மைய உதவியாளர். "பாஸ்வேர்டை என்கிட்ட சொல்லிட்டுப் போங்களேன்."

"வேண்டாம் அண்ணாச்சி," என்றேன். அந்த ஒரு சொல்லால் எல்லோருடைய உழைப்பையும் அழித்துவிட முடியும். தவறு நேர்ந்தால் பழியும் அவர்மீதே விழும்.

யாராவது ஒரு கோப்புறையைத் தொட்டதும் கணினியே அதை இணைத்துக்கொள்ளும் சேவை ஒன்று இருந்தது. எங்களிடமோ இரண்டு வகைக் கணினிகள்; ஒன்றின் மென்பொருள் மற்றதில் ஓடாது. எந்தக் கோப்புறையை எங்கிருந்து இணைப்பது என்று சேவைக்குச் சொல்லும் அட்டவணையை வகைக்கு ஒன்றாக எழுதினால் ஒன்றைத் திருத்தும்போது இன்னொன்று விட்டுப்போகும். எனவே ஒரே அட்டவணை எழுதி, வகையின் பெயர் வருமிடத்தில் ஒரு சூழல் மாறியை, கணினிக்குக் கணினி மதிப்பு மாறும் ஒரு பெயரை, வைத்தேன். எந்தக் கணினி படித்தாலும் தன் வகையை அங்கே நிரப்பிக்கொள்ளும். சோதித்தேன், சரியாக வந்தது.

அடுத்த மின்வெட்டில் மீண்டும் எல்லாம் நின்றன. மாறியின் மதிப்பை நான் நுழையும்போது மட்டும் படிக்கப்படும், என் சொந்தக் கணக்கின் தொடக்கக் கோப்பில் எழுதியிருந்தேன். நான் நுழைந்து, என் கையால் சேவையைத் தொடங்கினால் மட்டுமே அதற்கு அந்த மதிப்பு கிடைத்தது. தானாக எழும்போது கிடைக்கவில்லை. எதை நீக்க நினைத்தேனோ, அதையே மீண்டும் கட்டியிருந்தேன்.

மதிப்பை, ஒவ்வொரு கணினியும் விழிக்கும்போதே தானாக ஓடும் தொடக்க நிரலுக்குள், சேவையை எழுப்பும் வரிக்கு முன்னால் மாற்றி எழுதினேன். பிறகு மெயின் சுவிட்சை நானே அணைத்து அணைத்துப் பார்த்தேன்; ஒவ்வொரு முறையும் கோப்புகள் தாமாக வந்தன.

"ஈபிக்காரன் செய்யுதது பத்தாதா மேடம்?" என்றார் அண்ணாச்சி.

அந்தப் பெண்ணிடம், அடுத்த சனிக்கிழமை நான் வரப்போவதில்லை என்றேன்.

"சரியா வரலன்னா எனக்குத்தான அக்கா ஒரு நாள் போகும்?"

"ஆமா. வேண்டாம்னா சொல்லு, நான் வந்திருதேன்."

பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "வராதீங்க. பாத்துருவோம்."

அந்தச் சனிக்கிழமை காலை வீட்டில் மின்விசிறி நின்றது. செருப்பை மாட்டிக்கொண்டு வாசல்வரை போனேன். திரும்பி வந்து கழற்றினேன்.

திங்களன்று முதலில் அவளுடைய கோப்புகளைப் பார்த்தேன். சனிக்கிழமை நண்பகலைத் தாண்டியும் அவை திருத்தப்பட்டிருந்தன.

"கரண்டு ரெண்டு தடவ போச்சு," என்றார் அண்ணாச்சி. "வந்ததும் அந்தப் புள்ள அதுபாட்டுக்குத் தட்டிக்கிட்டு இருந்துச்சு. உங்கள யாரும் தேடல மேடம்."