ஈ அக்கா போட்ட இருபத்தைந்து கையெழுத்து

உங்கள் கையெழுத்துக்கு என்ன விலை என்று கேட்டால் சட்டென்று சொல்வீர்களா? கரட்டுப்புதூர் சென்னியம்மாள் சொல்லிவிடுவாள். இருநூற்றைம்பது ரூபாய். தறிப்பட்டறையில் அவளுக்கு அரை ஷிப்டுக் கூலி அது. 'தூய காற்று மக்கள் இயக்க'த்தின் ஆபீஸ் ராசிபுரத்தில் இருந்தது. ஒவ்வொரு செக்குக்கும் பொருளாளரான அவள் அங்கே போய்க் கையெழுத்துப் போட வேண்டும். போனால் அரை ஷிப்டு போச்சு.

செயலாளர் மதன்தான் வழி கண்டுபிடித்தான்.

"அக்கா, எதுக்குங்க வீணா அலையறீங்க? மொத்தமாப் போட்டுக் குடுத்துருங்க. நான் என்ன, வேத்து ஆளுங்களா?"

டீ இடைவேளையில், பாவு நூல் மூட்டையின் மேல் செக் புத்தகத்தை வைத்து, இருபத்தைந்து தாளிலும் கையெழுத்துப் போட்டாள். கடைசித் தாளில் டீ சிந்தியது. அதற்கு மட்டும் வருத்தப்பட்டாள்.

அவளைப் பொருளாளர் ஆக்கியது கணக்குத் தெரிந்ததற்காக அல்ல. ஊரில் கோழிப்பண்ணை ஈ பெருகி, பிள்ளைகள் வாயை மூடிக்கொண்டு சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்திருந்த காலம். ஒரு திங்கள்கிழமை மனு நாளில், ஈ மொய்த்த சோற்றுச் சட்டியைத் துணியால் மூடிக் கொண்டுபோய், கலெக்டர் ஆபீசில் திறந்து வைத்தவள் அவள். ஜன்னலை எல்லாம் திறந்து விரட்ட வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து அவள் 'ஈ அக்கா'. அந்த முகத்தைப் பார்த்துத்தான் நூற்று நாற்பது வீட்டுக்காரர்கள் ஆளுக்கு நூறு ரூபாய் கொடுத்தார்கள். முகம் அவளுடையது, மைக் மதனுடையது.

இயக்கம் முதலில் மாரியப்பன் பண்ணையை முற்றுகையிட்டது. நாலாயிரம் கோழி வைத்துப் பிழைத்தவன். வேன், கொடி, வெளியூர்ப் பேச்சாளர் எல்லாம் வந்தன. பத்தே நாளில் பண்ணை மூடியது. இடத்தை வாங்கியது யார் தெரியுமா? ஊருக்கு வடக்கே கரட்டுக் குன்றின் அடியில் லட்சம் கோழி வளர்க்கிற பெரிய பண்ணை. அதன் முன்னால் இயக்கத்தின் கொடி ஒருநாளும் பறந்ததில்லை.

ஐந்து மாதம் கழித்து மாரியப்பன் ரேஷன் கடை வரிசையில் அவளைப் பிடித்துக்கொண்டான்.

"ஏனுங்க ஈ அக்கா, எம்பட கோழி போயி அஞ்சு மாசமாச்சு. ஈ ஏனுங்க போவுல? எம்மேல அவ்வளவு பாசமுங்களா?"

வரிசையே சிரித்தது. சென்னியம்மாளுக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் கேட்டது நியாயம். ஒரு ஈ கூடக் குறையவில்லை. காற்று வடக்கிலிருந்து அடிக்கிற நாளில் இன்னும் கூடத்தான் வந்தது. இதைத் தெரிந்துகொள்ளப் படிப்பு வேண்டாம், மூக்கு போதும். அப்புறம் ஏன் வடக்கே போகவில்லை?

சந்தேகம் வந்துவிட்டால் தூங்கவா முடியும்? ஒரு நாள் அரை ஷிப்டை விட்டுவிட்டுப் பாங்குக்குப் போனாள். கவுண்டரில் இருந்த இலக்கியா கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"இந்தக் கணக்குல நீங்களும் கையெழுத்துக்காரர். கேட்டா ஸ்டேட்மென்ட் தர வேண்டியதுதானுங்க அக்கா. இத்தனை நாளும் நீங்க ஏன் கேக்கல?"

அவள் நீட்டிய தாள்களை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு சென்னியம்மாள் திரும்பினாள்.

ஏழு பக்கம். பட்டறையில் எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படித்தாள். ஊர்க்காரர்களின் பதினாலாயிரம் ஒரே வரியில் முடிந்துபோனது. மாதா மாதம் நாற்பதாயிரம் போட்டது ஒரு தீவனக் கம்பெனி. அந்தப் பெயர் அவளுக்குப் புதிதல்ல. பெரிய பண்ணை வாசலில் நிற்கிற லாரியில் நாள்தோறும் பார்க்கிற பெயர். செலவுப் பக்கம் இன்னும் விசேஷம். தேர்தல் மாதத்தில் மட்டும் கார் வாடகைக்காரருக்கு ஒரு லட்சத்து எண்பதாயிரம். அந்த மாதம் ஊரில் ஒரு கூட்டமும் நடக்கவில்லை. 'காற்றைக் காக்கும் வேட்பாளர்' என்று ஸ்டிக்கர் ஒட்டிய கார்கள்தான் ஊர் ஊராகப் போயின. கட்சி சாராத இயக்கம் என்று ரசீதின் தலையிலேயே அச்சடித்திருந்தார்கள்! ஒவ்வொரு செலவும் அவள் கையெழுத்துப் போட்ட செக்கில்தான் போயிருந்தது.

ஞாயிறு சமுதாயக் கூடத்தில் கூட்டம். அடுத்த முற்றுகை சென்றாயன் பண்ணைக்கு என்று மதன் தீர்மானம் படித்தான். சென்றாயன் வாசலிலேயே நின்றிருந்தான். மூவாயிரம் கோழியும் கூட்டுறவுக் கடனும் அவனுக்குச் சொத்து. மதன் புதிய செக் புத்தகத்தை நீட்டினான்.

"அக்கா, இதையும் போட்டுருங்க. முற்றுகைக்கு வேன் பிடிக்கோணும்."

சென்னியம்மாள் எழுந்தாள். "தம்பி, மாசம் நாப்பதாயிரம் போடறது ஆரு?"

"அது நன்கொடைங்க அக்கா. கம்பெனிக்குச் சமூகப் பொறுப்பு இருக்குதுல்ல?"

"அந்தப் பொறுப்போட லாரி பெரிய பண்ணையில ஏன் நிக்குது?"

"உக்காருக்கா!" என்று ஒரு குரல். "தம்பிய நம்பாம ஆர நம்பறது?"

"ஆரு காசா இருந்தா என்ன, ஈ போனாச் சரி" என்றார் இன்னொருவர்.

"போச்சுங்களா?" என்று திருப்பிக் கேட்டாள். அவர் முகத்தில் வந்து உட்கார்ந்ததைக் கையால் விரட்டினார்.

மதன் குரல் மாறியது. "கையெழுத்தெல்லாம் உங்களோடதுங்க அக்கா. தப்புன்னா மொதத் தப்பு உங்களோடது."

"ஆமா சாமி, என்னோடதுதான். படிச்சுப் பாக்காமப் போட்டேன். அதான் மொதல்ல நான் எந்திரிச்சிருக்கறேன்."

அவள் புதிய புத்தகத்தில் கையெழுத்துப் போடவில்லை. அது இல்லாமல் வேன் இல்லை, பேச்சாளர் இல்லை, முற்றுகை நின்றது. சென்றாயன் கோழிக்குத் தண்ணீர் காட்டப் போனான்.

மறுநாள் கலெக்டர் ஆபீசில் ஸ்டேட்மென்ட் நகலோடு மனு கொடுத்தாள். பதில் இன்னும் வரவில்லை. அதற்குள் அவளைப் பொருளாளர் பதவியிலிருந்து நீக்க வருகிற ஞாயிறு கூட்டம் போட்டிருக்கிறார்கள். ஈ அக்கா எதிராளியிடம் காசு வாங்கிவிட்டாள் என்று டீக்கடையில் பேச்சு. காசு எங்கிருந்து வந்தது என்று கேட்டவள்மீதே அந்தப் பழி! அவள் இடத்தில் கையெழுத்துப் போட இன்னொருத்தியைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். கிடைத்துவிட்டால் சென்றாயன் வாசலுக்கு வேன் போகும்.

இப்படிப்பட்ட கூட்டம் உங்கள் ஊரிலும் நடக்கும். ஒருத்தி தனியாக எழுந்து நிற்பாள். அவளை உட்காரச் சொல்லாதீர்கள். நீங்களும் பக்கத்தில் எழுந்து நின்று, அந்த ஏழு பக்கத்தையும் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள்.